இணைப்பு: பூட்டு ஒன்று

இறந்தவர்களுக்காக ஓர் ஊர் எப்படித் துக்கப்பட வேண்டும் என்பதை உலகுக்கே கற்றுக்கொடுத்த பெருமை, ஒரகடம் சாலைக் கல்யாண மண்டபம் ஒன்றில் 2013ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு காலை கூடிய 'தீத்துயர் துடைப்புப் பேரவை'யையே சேரும். வந்திருந்தோர் விவரம் வருமாறு: தலைவர் பாண்டுரங்கன், மேடையில், மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில். உதிரிபாகக் கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி வசந்தகுமார், பெண் உட்காரும் பக்கத்து நாற்காலியில். மேடையில் வேறு நாற்காலி இல்லை. பெண்கள் விடுதி வார்டன் சசிரேகா, மின்விசிறிக்கு நேர் கீழே. தீப்பிடித்த நடனக்கூடத்தின் மேலாளர் சுப்பிரமணி, 'பாதிக்கப்பட்ட தரப்பு' என்ற முறையில், பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில். செயலாளர் வனமாமலை, மேடைப் படியில், மடியில் பரீட்சை அட்டையுடன். அவன் தங்கை பாண்டிச்செல்வி, விடுதிப் பெண்களின் 'பிரதிநிதி', கடைசியில், தண்ணீர்க் கேனுக்கு அருகே, பூட்டிய பக்கவாட்டுக் கதவில் சாய்ந்தபடி.

நடந்த துயரம் இதுதான். நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் மாடியில் 'மயில் நைட்ஸ்' என்று ஒரு நடனக்கூடம். ஜோடியாக வந்தால் மட்டுமே அனுமதி. ஜோடி கிடைக்காத வாலிபர்கள் பின்படி ஏறி நுழைந்ததால், ஒழுக்கம் காக்கப் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். போன மாதம் யாரோ கேக்கின் மேல் கொளுத்திய மத்தாப்பு, கூரையில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் பற்றியது. பதினோரு பேர் அந்தப் பின்கதவுக்கு உள்பக்கம் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அதில் ஒருத்தி செல்லக்கனி. பாண்டிச்செல்வியின் பக்கத்துக் கட்டில்காரி. கம்பெனி லைனில் கூட வேலை பார்க்கும் பெண்ணின் பிறந்தநாளுக்கென்று, வாழ்க்கையில் முதல்முறையாக அங்கே போனவள்.

ஊர் துக்கத்தில் மூழ்கியது. இருங்காட்டுக்கோட்டை முதல் மறைமலை நகர் வரை கம்பெனிகள் இரண்டு நிமிடம் லைனை நிறுத்தி மௌனம் காத்தன. அதை ஈடுகட்ட அரை மணி ஓ.டி. பார்க்கச் சொல்லின. இறந்தவர்களின் படங்கள் தபால்தலை அளவிலும், வருந்துவோரின் படங்கள் ஆளுயரத்திலும் ஃபிளெக்ஸ்களாக எழுந்தன. வாடகைக்கு அறை கேட்டு வந்த பையன்களிடம், "டான்ஸ் ஆடுவியா?" என்று விசாரித்த பிறகே அட்வான்ஸ் வாங்கினார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் குத்துப்பாட்டை நிறுத்திவிட்டு பக்திப்பாட்டை அதே சத்தத்தில் போட்டார்கள். கடைதோறும் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர் ஒன்று தொங்கியது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது துக்க வீட்டில் அநாகரிகம் அல்லவா, யாரும் கேட்கவில்லை.

வனமாமலைக்குச் செயலாளர் பதவி கிடைத்தது அவன் கையெழுத்தின் அழகினால். நாங்குநேரிப் பள்ளிக்கூடத்தில் 'அனுப்புநர், பெறுநர், பொருள்' என்று பிரம்பால் பதிந்த பாடம் அது. அவன் அறையும், தங்கையின் விடுதியும் தலைவர் பாண்டுரங்கனுக்கே சொந்தம் என்பதால், பதவியை மறுக்கவும் வழியில்லை.

"எண்ணே, ஊர்வலம் கீர்வலம் எல்லாம் வேண்டாம்," என்று கூட்டத்துக்கு வரும் வழியில் பாண்டிச்செல்வி சொல்லியிருந்தாள். "எங்க பின்கதவுப் பூட்டை மட்டும் எடுக்கச் சொல்லு. முன்வாசப் பக்கத்துல அடுப்படி. அங்க பத்திக்கிட்டுன்னா நாப்பது பேரும் எங்கண்ணே போவோம்?"

கூட்டம் தொடங்கியது.

"தீப்புடிச்சதுக்குக் காரணம் இன்னா? மொதல்ல அத்தக் கண்டுபுடிக்கணும்," என்றார் தலைவர்.

"மியூசிக்," என்றார் சுப்பிரமணி, பஜ்ஜியை விழுங்கிவிட்டு.

"வெஸ்டர்ன் மியூசிக்," என்று திருத்தினார் வசந்தகுமார்.

"பொண்ணுங்க வெளிய சுத்தறது," என்றார் சசிரேகா.

மூன்று காரணங்களும் ஏகமனதாக ஏற்கப்பட்டன. பாண்டிச்செல்வி எழுந்தாள்.

"ஐயா, கதவைப் பூட்டியிருந்ததாலதான அத்தனை பேரும் செத்தாவ?"

சுப்பிரமணிக்கு மனம் புண்பட்டது. "அந்தக் கதவு மேல ஒரு கொறை சொல்ல முடியாதும்மா. அவ்ளோ பேர் இடிச்சும் பூட்டு அசையல. இன்னிக்கும் அப்படியே கீது."

"அதே பூட்டுதான் எங்க விடுதியிலயும் தொங்குது. எடுத்துருங்க ஐயா."

"இன்னாமா பேசற நீ?" என்றார் பாண்டுரங்கன் கனிவோடு. "கதவத் தொறந்து வுட்டா நீங்க டான்ஸ் ஆடப் போவீங்க. போனா தீப்புடிக்கும். பூட்டி வெச்சா போவ மாட்டீங்க. அப்பால தீ எங்கேர்ந்து வரும்?"

இந்தத் தர்க்கத்தின் ஆழத்தில் வசந்தகுமார் சொக்கிப்போனார். "ரூட் காஸையே பிடிச்சிட்டீங்க சார்!"

"செல்லக்கனி ஒருநாள்தான் அங்க போனா. நாங்க தினமும் விடுதியிலதான் தூங்குதோம்," என்றாள் பாண்டிச்செல்வி.

"எழுதுப்பா செகரெட்டரி. லேடீஸ் ஆஸ்டல் பின்கதவுக்கு இன்னும் பெரிய பூட்டு."

வனமாமலை தங்கையைப் பார்த்தான். பிறகு, ஒற்றெழுத்து ஒன்றுகூடப் பிசகாமல், எழுதினான்.

அடுத்து மெழுகுவத்தி அஞ்சலி. தலைவாசலை மறைத்து நின்ற தலைவரின் ஃபிளெக்ஸ் முன்னால் பதினோரு மெழுகுவத்திகளை ஏற்றிவிட்டு, எல்லோரும் இருக்கைக்குத் திரும்பிக் கண்ணை மூடினார்கள். மின்விசிறிக் காற்றில் ஃபிளெக்ஸ் கொஞ்சம் முன்னே சாய்ந்தது. படத்திலிருந்த தலைவரின் வேட்டி நுனியில் பற்றிய தீ, மௌனம் முடிவதற்குள் அவர் மீசையைத் தொட்டுவிட்டது.

"ஐயோ, தீ!"

தலைவாசல் எரிந்தது. பேரவை முழுவதும் பக்கவாட்டுக் கதவுக்கு ஓடியது. சங்கிலி போட்டு, பூட்டு. அழைக்காத ஆட்கள் அவ்வழியே பந்திக்குள் நுழைகிறார்கள் என்று, மண்டபத்துக்கும் சொந்தக்காரரான தலைவரே பூட்டச் சொன்னது. சாவி வைத்திருந்த காவலாளியோ மண்ணூரில் மச்சினன் வீட்டு விசேஷத்தில். வசந்தகுமார் சுவரிலிருந்த சிவப்பு சிலிண்டரைப் பிடுங்கி அமுக்கினார். அது பெருமூச்சுகூட விடவில்லை. தலைவர் மேடைக்குத் தாவி, பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கிவந்து, பூட்டின் மேல் ஓங்கி ஓங்கி அடித்தார். பூட்டு பிளந்தது. சான்றோர் அனைவரும் முற்றத்தில் போய் விழுந்தார்கள்.

உள்ளே பாண்டிச்செல்வி தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து, மிச்சத் தீயை மிதித்து அணைத்துக்கொண்டிருந்தாள்.

"எவன்டா கதவப் பூட்டி வெச்சவன்?" மூச்சு வாங்கக் கத்தினார் பாண்டுரங்கன். "மனுசன் உசுருன்னா வெளாட்டா? இனிமே இந்த மண்டபத்துல ஒரு கதவுக்கும் பூட்டு கூடாது. எழுதுப்பா!"

"விடுதிக்கும் சேத்து எழுதட்டுமா ஐயா?" என்று கேட்டான் வனமாமலை.

"அது வேற சப்ஜெக்டுபா. அங்க இன்னா, மீட்டிங்கா நடக்குது?" தலைவர் வேட்டியை உதறிக் கட்டினார். "கலெக்டருக்கு ஒரு லெட்டர் போடு. நான் பூட்ட ஒடச்சி எல்லாரையும் காப்பாத்தனத நல்லா விரிவா எழுது. அவார்டு கெடைக்கற மாரி."

"சாட்சிக்கு அந்தப் பூட்டையே வச்சு அனுப்பிருவோமா ஐயா?"

"மூளைக்காரன்பா நீ!"

வனமாமலை உட்கார்ந்து எழுதினான். அனுப்புநர், பெறுநர், பொருள். முதல் பக்கத்தில் தன் பெயர் நான்கு இடத்தில் வந்திருப்பதைக் கண்ட தலைவர், இரண்டாம் பக்கத்தைப் படித்து நேரத்தை வீணாக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டாம் பக்கம் இப்படி முடிந்தது:

"தலைவர் அவர்கள் தம் பொற்கரங்களால் உடைத்த பூட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இதே வகைப் பூட்டு அன்னாருக்குச் சொந்தமான பெண்கள் விடுதியின் பின்கதவில், நாற்பது பெண்களின் நலன் கருதி, இன்றும் தொங்குகிறது. இதைவிடப் பெரியது வாங்கவும் தீர்மானித்துள்ளோம். அவ்விடுதியில் குத்துவிளக்கு இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

மறுநாள் காலை தபால் ஆபீஸ் வாசலில் பாண்டிச்செல்வி அதைப் படித்தாள்.

"ரூம் போயிரும்ணே. ரெண்டு பேருக்கும்."

"போவட்டும். மறைமலை நகர்ல பாத்துக்கிடலாம். அதுவரைக்கும் நீ ஒங்கூட வேலை பாக்குத லதா வீட்டுல படு."

பூட்டையும் கடிதத்தையும் துணியுறையில் வைத்துத் தைத்து, அரக்கு உருக்கி ஊற்றினான். எழுத்தர் பார்சலைத் தராசில் வைத்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இம்மாம் கனமா கீது. உள்ள இன்னா சார்?"

"எங்க தலைவரோட சேவை," என்றான் வனமாமலை.

அவர் ஓங்கி முத்திரை குத்தி, பார்சலைத் தபால் மூட்டைக்குள் போட்டார்.