நான்காம் வழித்தடமும் ஃப்ரோசோவின் கல்யாணச் சாராயமும்

மேல் கரியா,
மாதா திருநாளுக்கு முந்தின வாரம்.

ஏதென்ஸ் மாநகரில் ஏசி அறையில் அமர்ந்து மலைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிவரும் என் அன்பு மைத்துனர் திருவாளர் பெரிக்லிஸ் அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் காபிக்கடை ஸ்தேர்யோ எழுதிக்கொண்டது. இங்கே நானும், தங்கள் அக்காள் அந்தூலாவும், இந்த மாதக் கடைசியில் கல்யாணம் ஆகவிருக்கும் எங்கள் மகளும் தங்கள் மருமகளுமான ஃப்ரோசோவும், ஆடுகளும் சுகம். தங்கள் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. கையும் விரலும் திமிரோடு வேலை செய்கின்றன என்பதைத் தங்கள் புத்தகத்திலேயே பார்த்துவிட்டேன்.

மலைச்சாலைச் சைக்கிள் வழித்தடங்கள் என்று அட்டையில் போட்டிருக்கிறீர்கள். அதில் நான்காம் வழித்தடம் ஆற்றுப்பாலத்தில் தொடங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, எங்கள் ஊரில் வந்து முடிகிறதாம். "இங்கே மலையின் மௌனம் உங்களோடு பேசும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடேயப்பா! சின்ன வயதில் காணாமல் போன வெள்ளாட்டைத் தேட அனுப்பினால், இரண்டாவது வளைவிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்து, அக்காள் வந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போன ஆள்தானே நீ? அன்றைக்கு மலை உன்னோடு என்ன பேசிற்று? சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன். அதற்கு அடுத்த வரியில் வைத்தாய் பார், எனக்கு உலை. "மேல் கரியா காபிக்கடையில் உங்களைக் காசு கொடுக்க விடமாட்டார்கள். வீட்டில் காய்ச்சிய திராட்சைச் சாராயத்தைத் தவறவிடாதீர்கள்."

ஏன் மச்சான், உனக்குத் தெரியாதா? வெளியூரான் எவன் உள்ளே வந்தாலும் முதல் கிளாஸ் கடைக்காரன் கணக்கு. இரண்டாவது, பக்கத்து மேஜைக்காரன் கணக்கு. வெளியூரான் பையில் கை வைத்தால் ஊருக்கே அவமானம். வருஷத்துக்கு ஒரு மாட்டு வைத்தியர், வழி தவறிய ஒரு வேட்டைக்காரன் என்று வந்துகொண்டிருந்தவரை இந்த வழக்கத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது விடிந்தால் போதும், வரிசையாக வருகிறான்கள். சாசேஜ் தோலில் அடைத்த மாதிரி ஒரு உடுப்பு, தலையில் ஒரு கவிழ்த்த சட்டி, காலில் மருந்துக்குக்கூட ஒரு முடியில்லை. முதல் நாள் வந்தவனைப் பார்த்துவிட்டு, ஆடு ஏற்றும் மோட்டார் வண்டி ஓட்டும் நம் கிட்சோஸ் என் காதில், "பாவம்டா, ரெண்டு காலுக்கும் ஆபரேஷன் போல. ஒரு கிளாஸ் கூட ஊத்து" என்றான். ஊற்றினேன். ஒருநாள் அந்தூலா கேட்டாள், "இவ்வளவு மூச்சு முட்ட ஏறி வர்றீங்களே, மேல யாரப் பாக்கணும்?" யாரையும் இல்லையாம். "வேற என்ன வேலை?" வேலையும் இல்லையாம். "அப்புறம் எதுக்குப்பா ஏறுனீங்க?" திரும்ப இறங்குவதற்காம்! சைக்கிள் ஒரு கோழி கனம்கூட இல்லை, அதன்மேல் உட்கார்ந்திருப்பவன் கன்றுக்குட்டி கனம். வீட்டில் பத்து நாள் வெண்ணெயைக் குறைத்திருந்தால் சைக்கிளுக்குக் கொட்டிய காசு மிச்சமாகியிருக்கும். இதைச் சொன்னால் நான் பட்டிக்காட்டான்.

கடைச் சாராயம் ஆனி மாதத்திலேயே காலி. அப்புறம் எதிலிருந்து ஊற்றுகிறேன் என்று நினைக்கிறாய்? ஃப்ரோசோ கல்யாணத்துக்கென்று போன இலையுதிர் காலத்தில் காய்ச்சி, நிலவறையில் கல்லை வைத்து மூடியிருந்த பெரிய ஜாடிகளிலிருந்து! சாராய அடுப்பு மூட்ட அரசாங்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் அனுமதி, அதுவும் திராட்சை அறுத்த பிறகு. கிட்சோஸும் மற்றவர்களும் தாங்கள் வாங்கிக் கொடுக்கும் கிளாஸுக்குக் காசு தருகிறார்கள்தான். காசை ஊற்றிக் கல்யாணம் நடத்த முடியுமா? இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு ஜாடி. அதுவும் தட்டினால் டொங்கு டொங்கென்கிறது. மாப்பிள்ளை வீடு எந்த ஊர் என்று நினைவிருக்கிறதல்லவா? கீழ் கரியா! நம் சம்பந்தி விசாரியோன் நிச்சயதார்த்தத்தன்றே கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னைக்கும் இது இருக்குமில்ல?" என்று கேட்ட மகராசன். பந்தியில் சாராயம் தீர்ந்தது என்றால், ஃப்ரோசோவின் பேரப்பிள்ளைகளைக்கூட அந்த ஊர்க்காரர்கள் "வறண்ட வீட்டுக்காரி பேரன்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஃப்ரோசோ தினமும் நிலவறைக்குப் போய் ஜாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள்.

இதையெல்லாம் நிறுத்த வழியில்லையா என்று கேட்பாய். யார் முதலில் நிறுத்துவது? நானா? என் அப்பன் ஊற்றிய கடை இது. இதற்கு நடுவில் ஒரு ஜெர்மன்காரி வந்தாளே, மஞ்சள் சட்டிக்காரி, அந்தக் கூத்தைக் கேள். நல்ல பெண்தான், எல்லோருக்கும் கும்பிடு போட்டாள், சிரித்தாள், போகும்போது யாருக்கும் தெரியாமல் தட்டுக்கடியில் ஒரு நோட்டை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். கிட்சோஸ் பார்த்துவிட்டான். "டேய் ஸ்தேர்யோ, நம்ம மூஞ்சில காறித் துப்பிட்டுப் போறாடா!" என்று குதித்து, நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்டு வண்டியைக் கிளப்பி, பின்னால் ஆடுகள் கத்தக் கத்த அவளைத் துரத்தினான். ஒரு கையில் ஸ்டியரிங், ஜன்னலுக்கு வெளியே ஒரு கையில் நோட்டு. அவன் வாலிபத்தில் ஜெர்மனியில் ஃபேக்டரி வேலை பார்த்தவன். அந்த பாஷையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மேஸ்திரி கத்துகிற "நில்லுடா!" ஒன்றுதான். அதையே ஒவ்வொரு வளைவிலும் கத்தியிருக்கிறான். அந்தப் பெண் பாவம், கழுத்தை அறுக்க வருகிறான் என்று நினைத்து, பிரேக்கையே தொடாமல் ஆற்றுப்பாலம் வரை பறந்திருக்கிறாள். பாலத்தில் மடக்கி, நோட்டை அவள் கையில் திணித்து, "மரியாதையா இரும்மா" என்று நம் பாஷையில் சொல்லிவிட்டுத்தான் திரும்பினான்.

அதோடு முடிந்ததா? அவள் சைக்கிளில் ஒட்டியிருக்கிற குட்டி மெஷின், அந்த இறக்கத்தில் இதுவரை யாரும் இவ்வளவு வேகமாக இறங்கியதில்லை என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டதாம். இப்போது அவள் சாதனையை முறியடிக்க ஒரு கூட்டம் கிளம்பி வருகிறது! வந்து குடித்துவிட்டு, "வண்டிக்காரர் எங்கே, எங்களைத் துரத்தமாட்டாரா?" என்று கேட்கிறான்கள். கிட்சோஸ் மீசையை முறுக்கிக்கொண்டு, "இருங்கப்பா, ஆடுகள ஏத்திக்கிறேன். சத்தமில்லாம துரத்துனா என்ன ருசி இருக்கு?" என்கிறான். ஆடுகள் பாலை நிறுத்திவிட்டன. போன ஞாயிறு ஒருவன் மூன்று கிளாஸ் போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏற முயன்று, அந்தப் பக்கமாகவே இறங்கி, பாதிரியாரின் தக்காளிப் பாத்தியில் படுத்துக்கொண்டான். பாதிரியார் திட்டவில்லை. வெளியூரான் ஆயிற்றே என்று அவனை எழுப்பி உட்காரவைத்து நான்காவது கிளாஸை வாங்கிக் கொடுத்தார். யார் ஜாடியிலிருந்து? என் ஜாடியிலிருந்து!

ஆகவே திருவாளர் பெரிக்லிஸ் அவர்களே, இக்கடிதம் கண்டவுடன் நான்காம் வழித்தடத்தைப் புத்தகத்திலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் கிழித்தெறியவும். வழித்தடம் கட்டாயம் வேண்டுமென்றால் கூட்டுரோட்டில் திருப்பிக் கீழ் கரியாவுக்கு அனுப்பவும். விசாரியோன் ஊற்றட்டும். அவன் ஜாடி வற்றுவதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும். சைக்கிள்காரன் என்று இனி ஒருவன் என் வாசலில் நின்றால், அவனுக்குத் தண்ணீர்கூட இல்லை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்காள் உனக்கு முத்தம் அனுப்புகிறாள், நான் அனுப்பவில்லை. மாதா உன்னை மேட்டிலும் பள்ளத்திலும் காத்து, கொஞ்சம் புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னால் வற்றிக்கொண்டிருக்கும்
ஸ்தேர்யோ.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது எதையும் செய்துவிடாதே! கடிதத்தை பஸ் டிரைவரிடம் கொடுக்கப் போனேன். அவன் சொல்கிறான், விசாரியோன் ஆட்கள் கூட்டுரோட்டில் நீ வழிகாட்ட நட்டுவைத்த அம்புப் பலகையை அவர்களாகவே கீழ் கரியா பக்கம் திருப்பிவிட்டார்களாம். "மேல் கரியாவுல வத்திப்போச்சு, இங்க வாங்க" என்று கூப்பிட்டு, சாராயத்தோடு, மாவுக்குள் சீஸ் வைத்துச் சுட்ட பிட்டாவும் கொடுக்கிறார்களாம். பிட்டாவாம் பிட்டா! நானும் கிட்சோஸும் இன்றைக்கே போய்ப் பலகையைத் திருப்பி, கம்பத்துக்குச் சிமென்ட் போட்டுவிட்டு வருகிறோம். அந்தூலா மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். நீ உடனே, மேல் கரியாவில் பிட்டா மட்டுமல்ல, வால்நட் அல்வாவும் உண்டு என்று எழுது.

கல்யாணத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்பாய். அங்கே கடையில் நல்ல சாராயமாகப் பார்த்து வாங்கு. இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது, வேறு வழியில்லை. பஸ்ஸில் பெட்டியாக வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் உன் சைக்கிள் சங்கத்து ஆட்கள் அத்தனை பேரையும் கல்யாணத்துக்கு முந்தின நாள் கூட்டிக்கொண்டு நான்காம் வழித்தடத்திலேயே ஏறி வா. ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில் மாட்டியிருப்பீர்கள் அல்லவா, எல்லாவற்றிலும் அந்தச் சாராயத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். சைக்கிள்காரன் பாட்டிலில் தண்ணீரைத் தவிர வேறொன்று இருக்கும் என்று விசாரியோன் கனவிலும் நினைக்கமாட்டான். ஏற்றத்தில் எவ்வளவு தாகம் எடுத்தாலும் ஒருவரும் ஒரு வாய் தொடக்கூடாது, சொல்லிவிட்டேன். நாக்கு வறண்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்து சேருங்கள். முதல் கிளாஸ் என் கணக்கு.