காக்கை தேர்ந்தெடுத்த மண்டபம்

செங்கல் ஊரிலிருந்து பூவார் வரை, செத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மண்டபம்தான் பிடித்திருந்தது. பதினாறாம் நாள் அடியந்திர விருந்தை அங்கேதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சர்க்கரை நோயில் போனவர்கூட நாலு வகைப் பாயசம் கேட்டார். உயிரோடு இருந்தபோது எதிலும் ஒத்துப்போகாத ஜனங்கள்.

இந்த விருப்பங்களைக் காக்கை வழியாகக் கேட்டுச் சொன்னவர் காகவாக்கு தேவகுமார் சாமி. மண்டபம் அவருடைய மைத்துனருடையது. இது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே மண்டபத்துக்கு விசேஷம் உண்டு என்று நம்பினார்கள்.

முறை எளிது. இலையில் பலிச்சோறு. பக்கத்தில் முக்காலியில் சாமி. மடியில் வாய் திறந்த கறுப்புத் துணிப்பை. அடியந்திரத் திட்டங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். காக்கை வராவிட்டால் ஆத்மாவுக்குச் சம்மதமில்லை. மண்டபத்தின் பெயர் வந்ததும் பையை மூடிக்கொண்டு ஏழடி தள்ளி நிற்பார். காக்கை இறங்கும். கூட்டம் கைகூப்பும்.

பாறசாலைப் பக்கம் மோகனன் இறந்த ஐந்தாம் நாள், அவர் வீட்டு முற்றம் நிறைந்துவிட்டது. பெருங்கடவிளையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மோகனனைத் தெரியாது. சாமியைத் தெரியும்.

மோகனன் பஸ் கண்டக்டராக இருந்தவர். தன் அடியந்திரத்தைத் தானே திட்டமிட்டு, ஒரு தாளில் எழுதி மனைவி ஓமனாவிடம் கொடுத்திருந்தார். வீட்டு முற்றம் போதும். மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன் கறி. புகழ்ந்து பேச ஆள் வேண்டாம். என்மேல் கோபம் உள்ளவர்கள் வந்து திட்டலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம். நான் ஸ்டாப்பில் இறக்காமல் விட்டவர்களுக்குப் பத்து.

அப்படியே நடத்துவதாக, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவர் கையைப் பிடித்து ஓமனா வாக்குக் கொடுத்திருந்தாள். மகன் ஷிபுவுக்கு அது நாணக்கேடு. சாமியை அழைத்தது அவன்தான்.

"மரச்சீனி வச்சா ஆளுவ சிரிப்பாங்கம்மா."

"அப்பனுக்கு அதாக்கும் வேண்டியது, மக்கா."

"அதைக் காக்கை சொல்லட்டு."

சாமி மோகனனின் தாளை வாசித்தார். மரச்சீனி என்ற இடத்தில் மூக்கைச் சுளித்தார். பலாமரத்தில் இருபது காக்கைகள் கூடிக் கத்தின. ஒன்றும் இறங்கவில்லை.

"மனசு மாறியாச்சு," என்றார் சாமி. "அங்க போனா எல்லாருக்கும் மாறும்."

ஓமனா மரத்தைப் பார்த்தாள். அவள் பிறந்தது பூவாரில், மீன் உலர்த்தும் களத்துக்குப் பக்கத்து வீட்டில். இந்தக் கத்தலைக் கேட்டு வளர்ந்தவள்.

"சாமி, அந்தப் பையை ஈசாக் அண்ணன் கையில குடுத்துட்டு இன்னொருக்கா வாசியுங்க."

"பை இல்லேன்னா சக்தி வராது."

"வாசிக்கது நீங்க. பைக்கு எதுக்கு சக்தி?"

பக்கத்து வீட்டு ஈசாக் சபையில் காணிக்கைப் பை பிடித்துப் பழகியவர். சாமி யோசிப்பதற்குள் பையை வாங்கி, வாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஓமனாவே தாளை வாசித்தாள். சாளைக்கறி வருவதற்குள் மூன்று காக்கைகள் இறங்கிவிட்டன.

"ஆத்மா குழம்பியிருக்கு," என்றார் சாமி.

"குழப்பத்தைத் தீத்திரலாம். அண்ணே, பையைத் திறந்து இலைகிட்ட வையுங்க. சாமி மண்டபத்தை வாசிக்கட்டு. பாயசத்தையும் சேத்து."

ஈசாக் பையைத் திறந்தார். உள்ளே பார்த்தார். ஓமனா கண்ணைக் காட்டினாள். பேசாமல் வைத்தார். காக்கைகள் மூன்றும் எழுந்து பலாமரத்துக்கே போய்க் கத்தின.

சாமி வாசிக்கவில்லை. ஷிபுதான் வாசித்தான். நாலு பாயசத்துக்கும் ஒரு காக்கை அசையவில்லை.

"எலே ஷிபு, பையைக் கவுத்து," என்றாள் அம்மா.

விழுந்தது ஒரு செத்த காக்கை. நன்றாக உலர்ந்தது. இறக்கையை விரித்துத் தென்னை ஈர்க்கிலில் கட்டியிருந்தது.

"எங்க ஊருல கருவாட்டுக்குக் காவல் இதாக்கும்," என்றாள் ஓமனா. "ஒண்ணைக் கட்டித் தொங்கவிட்டா மத்தது கிட்ட வராது."

சாமி இந்த முறை ஏழடியோடு நிற்கவில்லை. ரோடு வரை போனார்.

பெருங்கடவிளைக்காரர் ஒருவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "செத்த காக்கைக்கும் ஒரு சக்தி உண்டுல்லா?"

"உண்டு," என்றார் ஈசாக். "கொண்டு போங்க. வீட்டில கருவாடு காயப் போடலாம்."

பதினாறாம் நாள் முற்றத்தில் மரச்சீனி வெந்தது. பதினொரு பேர் மோகனனைத் திட்டினார்கள். அமரவிளையில் இறங்க வேண்டிய தன்னை நெய்யாற்றின்கரையில் இறக்கிவிட்டதை ஒருவர் பத்து நிமிடமும் சொன்னார். ஓமனா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். கடைசியில் ஷிபு எழுந்தான். தன் ஐந்து நிமிடத்தில் அப்பாவின் தாளை எடுத்து வாசித்தான்.

காக்கைகளும் வந்தன, மீன்முள்ளுக்கு. யாரும் அவற்றிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

கேட்டுப் பயனும் இல்லை. அவை சாமியின் பைக்குள் பார்த்துவிட்டுத்தான் இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்தன. கூட்டம் இரண்டு வருடமாக அவருடைய தாடியைப் பார்த்து முடிவெடுத்தது. காக்கையைவிட நமக்கு ஓர் அறிவு கூடுதல் என்கிறார்கள். பையைத் திறந்து பார்க்கவாவது அந்த அறிவைப் பயன்படுத்தலாம்.