மாவு ரூம் என்று தேடினால்

பிழை பொறுக்காத அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் ஃப்ரிட்ஜும். அப்பா வழக்கம்போல. அங்கே நீ, மாமா, குட்டி மூவரும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், விசாரிக்க வழியில்லை, ஏனென்றால் என் எண்ணை நீ முடக்கிவைத்திருக்கிறாய். தினமும் காலையில் வலைப்பூ இணைப்பை அனுப்பி "ஒரு தட்டு தட்டுக்கா" என்று கெஞ்சியது தப்புதான். அதற்காகச் சொந்த அக்காவிடம் பேச ஒருவன் தபால்தலை வாங்க வேண்டுமா? தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க ஒட்டணும்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெரியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலைப்பூவை மூடப் போகிறேன். வழக்கையும் விட்டுவிடலாம். இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ வந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு சிவப்புப் பேனாவை எடு.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் கோபம் வந்தால் நான் முதலிலிருந்துதான் தொடங்குவேன். சமையல் மேடைக்குப் போடுகிற பளபளப்பான கல்பலகையை, நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து உன் கல்யாணம் வரை, அப்பா அறுத்தார், தேய்த்தார். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போய்ப் படிந்து நுரையீரலே கல்லாகிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். இல்லை, பிறவியிலேயே பலவீனமான நெஞ்சு என்று கம்பெனி டாக்டர் சொன்னார். பிறவியிலேயே பலவீனமான நெஞ்சை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் அத்தனை வருஷம் கல்பலகையைத் தோளில் தூக்கியிருக்கிறான் என்றால் அவனுக்குக் கம்பெனி சிலை அல்லவா வைத்திருக்க வேண்டும், அதே கல்லில். நீதிமன்றத்தில் அவர்கள் வாதம் ஒரே வரி: அங்கே வேலை பார்த்த வேறு யாருக்கும் இந்த நோய் இல்லை. நம் வக்கீல் என்னிடம் சொன்னதும் ஒரே வரி: "அடுத்த விசாரணைக்குள்ள இன்னொரு ஆளக் கூட்டிட்டு வாப்பா, ஒரே ஒரு ஆள்." ஆளுக்கு எங்கே போவது? அத்தனை பேரும் கான்ட்ராக்ட். கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு இடம் மாறியது, ஆட்கள் உதிர்ந்துபோனார்கள். அப்பாவிடம் பெயர் கேட்டேன். "ரேடியோ. வாய மூடவே மாட்டான். அப்புறம் கோணக்கை. அப்புறம் மாப்பிள்ளை" என்றார். "நெஜப் பேரு என்னப்பா?" என்றால், "அதான்டா பேரு" என்கிறார். அவர்களுக்கு மட்டும் அப்பா பெயர் தெரியுமா? பலகையைத் தூக்கும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று சொல்வாராம், அதனால் இவர் பெயர் மெதுவா. ஒரே அறையில் ஒரே தூசியை இழுத்தவர்கள், ஒருத்தர் பெயர் இன்னொருத்தருக்குத் தெரியவில்லை. பேசிப் பழக முதலாளி எப்போது நேரம் கொடுத்தான்.

அதனால்தான் வலைப்பூ தொடங்கினேன். எங்கேயோ இருமிக்கொண்டிருக்கும் ஒருவன் என்றைக்காவது போனில் எதையாவது தேடினால் நம் பக்கம் கண்ணில் படட்டும் என்று. அந்த அறையை எல்லோரும் 'மாவு ரூம்' என்றுதான் சொல்வார்கள், உள்ளே போனவர்கள் தலை முதல் கால்வரை வெள்ளையாக வெளியே வருவதால். நானும் அப்படியே எழுதினேன். நீ அதை 'அரைப்புப் பிரிவு' என்று திருத்தினாய். "எழுத்துன்னா கொஞ்சம் மரியாதை வேணும்டா" என்றாய். பாடப்புத்தகக் கம்பெனியில் பிழை திருத்துகிறவள் சொன்னால் மறுக்க முடியுமா. 'செயற்கைக் கற்பலகை உற்பத்தியில் நுண்துகள் பாதிப்பு: ஒரு தொழிலாளியின் அனுபவம்' என்று தலைப்பும் நீயே வைத்தாய். ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. படித்தவர்கள் இரண்டு பேர்: நீ, பிறகு நீ திருத்தியது சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் நீ.

சரி, விவரம் தெரிந்தவனைப் பார்ப்போம் என்று சலவைக் கடை மாடியில் இருக்கும் ஒருவனிடம் போனேன். எந்த வலைத்தளமானாலும் தேடலில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவேன் என்று சொல்வதால் அவனுக்கு முதல் பக்கம் என்றே பெயர். கீழே இஸ்திரிப் பெட்டி போட்டால் மேலே அவன் நாற்காலி சுடும். என் பக்கத்தைத் திறந்து பார்த்தவன் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டான், "ப்ரோ, நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியுமா?"

"எங்க?"

"பதினோராவது பக்கத்துல. அந்தப் பக்கம் போனவன் எவனும் திரும்பி வந்ததில்ல. ஆமா, உங்கப்பாகூட வேலை பாத்தவன் வந்து 'அரைப்புப் பிரிவு'ன்னா தேடுவான்?"

"மாட்டான். மாவு ரூம்னுதான் சொல்வான்."

"அப்ப அதப் போடுங்க. தலைப்புல போடுங்க, பத்திக்குப் பத்தி போடுங்க. ஜனங்க தேடுற வார்த்தை உள்ள இருந்தாத்தான் தேடல் மெஷின் கதவத் திறக்கும். அப்புறம் 'சாவு'ங்கிற வார்த்தை ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. கொறைச்சிடுங்க."

"சாவக் கொறைக்கத்தான் ப்ரோ கேஸே போட்டிருக்கோம்."

அவன் சிரிக்கவில்லை. 'சாவு குறைக்கவும்' என்று குறித்துக்கொண்டான். மாவு ரூம் வாசலில் அப்பா வெள்ளை வெளேரென்று சிரித்துக்கொண்டு நிற்கிற படம் இருக்கிறதே, அது என்ன படம் என்று மெஷினுக்குப் புரிய ஒரு வரி எழுத வேண்டுமாம். அவனே தட்டினான்: 'மாவு பூசிய மகிழ்ச்சியான பெரியவர்.' "அது மாவு இல்ல ப்ரோ" என்றேன். "மெஷினுக்குத் தெரியாது ப்ரோ" என்றான். கம்பெனி டாக்டரும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார். கடைசியாக, பக்கத்துக்கு ஆள் வந்துபோய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றான். அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டு சொந்தபந்தம் எல்லோரையும் தட்டச் சொன்னேன், உன் கோபத்தின் மூலகாரணம் அதுதான். மாமா பாவம், அவர் ஆபீஸில் எல்லோரையும் உட்கார்த்தி ஒரு மத்தியானம் முழுக்கத் தட்டவைத்தாராம். ஒரே இடத்திலிருந்து இத்தனை தட்டா, இது மோசடி என்று மெஷின் நம்மை இன்னும் பின்னால் தள்ளிவிட்டது. கம்பெனிப் பெயரைத் தேடிப் பார், 'தொழிலாளர் நலனே எங்கள் நலன்' என்று முதல் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கண்டுபிடிக்காத மெஷின் மாமாவின் பாசத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

பிறகு ஒருநாள் பார்சல் கிடங்கில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஆட்கள் வந்தார்கள் அக்கா. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவன் சொன்னபடி பத்திக்குப் பத்தி 'மாவு ரூம்' போட்டிருந்தேனே, மாவு என்று தேடினால் நாம் முதல் பக்கம். மேற்பார்வையாளர் திட்டத் திட்ட கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு கருத்தாகப் படித்தேன். 'மாவில் வண்டு வராமல் இருக்க என்ன செய்யலாம்?' 'கேக்குக்கு எந்த மாவு நல்லது?' 'பயனுள்ள பதிவு, நன்றி.' ஒருவர் முழுக்கப் படித்திருக்கிறார்: 'கட்டுரை அருமை, ஆனால் அளவு கொடுக்கவில்லையே.' அளவைத்தான் ஐயா கோர்ட்டும் கேட்கிறது, எவ்வளவு தூசி உள்ளே போனது என்று. பக்கத்திலேயே ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்திருந்தது. யாருடையது என்று நினைக்கிறாய்? பெயர் மாற்றிக்கொண்ட நம்ம கம்பெனிதான். 'மாவு பிசைய ஏற்ற மேடை. உங்கள் சமையலறையில் ஒரு வெள்ளைக் கனவு.' நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டு பற்றிக் கேட்ட அம்மாவுக்கு, ஈரமில்லாத டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள் என்று பதில் எழுதினேன். அவராவது நிம்மதியாக இருக்கட்டும்.

அதற்கப்புறம் ஒரு மாவு மில் முதலாளி போன் செய்தார். "அந்தப் படத்துல இருக்கிற பெரியவர் யாரு தம்பி? முகத்துல என்ன ஒரு நம்பிக்கை. நம்ம பாக்கெட்டுல போட்டுக்கலாமா?" அது மாவு இல்லை, கல்தூள், அது போய்த்தான் அவர் நெஞ்சு கெட்டது என்றேன். "வெளிய தெரியாதுல்ல?" என்றார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, போனைத் தூக்கி எறிந்தால் தவணை யார் கட்டுவது என்று எறியவில்லை. அப்பாவிடம் சொன்னேன், அவரும் கொதிப்பார் என்று நினைத்து. ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டு, மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னார், "போடச் சொல்லுடா. கல் கம்பெனிக்காரன்... என் மூஞ்சிய... ஒரு நோட்டீஸ்லகூடப் போட்டதில்ல."

அத்தோடு நான் உடைந்துபோனேன் அக்கா. உள்ளதை உள்ளபடி மரியாதையான தமிழில் எழுதினால் ஒருவனும் வரமாட்டான். அவர்கள் பேச்சிலேயே எழுதினால் கேக் செய்கிறவர்கள் வருவார்கள். நியாயம் என்று யாராவது தேடுகிறார்களா என்று முதல் பக்கத்திடம் கேட்டேன். "ரொம்பக் கம்மி ப்ரோ, வியாபாரம் ஆகாத வார்த்தை" என்றான். உன் புது வீட்டுச் சமையல் மேடையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, வெள்ளைக் கல். நான் அதற்கு ஒன்றும் பதில் போடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அதைத் துடைக்கும்போது கொஞ்சம் மெதுவாகத் துடை, அவ்வளவுதான்.

ஆகவே மூடுகிறேன். வக்கீலிடமும் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கும் அவர் ஆபீஸில் விரல் நோகத் தட்டிய நல்லவர்கள் அனைவருக்கும் என் வணக்கம். குட்டி நன்றாகப் படித்து, தூசி இல்லாத வேலைக்குப் போய், நீண்ட மூச்சோடு வாழட்டும்.

இப்படிக்கு,
பதினோராவது பக்கத்திலிருந்து
உன் தம்பி

பின்குறிப்பு: தபால்தலையை எங்கே ஒட்டுவது என்று தேடத்தான் போனை எடுத்தேன். புதிதாக ஒரு கருத்து வந்திருந்தது. எழுதியவள் ஒரு பேக்கரிக்காரி. அப்படியே தருகிறேன், திருத்தாதே: 'இது மாவு இல்ல. எங்கப்பாவும் இப்படித்தான் வீட்டுக்கு வருவார். எங்க ரொட்டி பாக்கெட்டுக்கு படம் தேடினப்ப இந்த படம் வந்துச்சு. அப்பாகிட்ட காட்டினேன். அவருக்கு இப்ப பேச மூச்சு பத்தாது. படத்த பாத்து மெதுவா மெதுவானு சொன்னார். மெதுவாத்தானே காட்டுறேன்னு சொன்னேன். இல்லையாம். அது ஆள் பேராம்.'

எண்ணை வாங்கி இரண்டு பேரையும் போனில் பேசவைத்தேன். எங்கே பேசினார்கள். இந்தப் பக்கம் அப்பா மூச்சு, அந்தப் பக்கம் அந்த மனிதர் மூச்சு, வேறு சத்தமே இல்லை. ரொம்ப நேரத்துக்குப் பிறகு அப்பா போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார், "ரேடியோதான்டா. வேற எவன்... இவ்வளவு நேரம்... போன வைக்காம இருப்பான்."

அவருக்கும் அதே நோய்தானாம், சாட்சி சொல்ல வருகிறார் என்று மகள் சொன்னாள். ஆகவே மேலே எழுதியது எதையும் நம்பாதே. எதையும் மூடவில்லை. நீ அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா வா. சிவப்புப் பேனாவையும் கொண்டுவா, அவர் வாக்குமூலத்தை நீதான் பார்த்துக்கொடுக்க வேண்டும். 'மாவு ரூம்' மேல் மட்டும் கை வைக்காதே. இன்னொரு மனிதனுக்கும் நெஞ்சு கல்லாகிவிட்டது என்ற செய்தி கேட்டு இன்றைக்கு இந்த வீட்டில் அப்பாவும் பிள்ளையும் சந்தோஷமாக இருக்கிறோம் அக்கா. நம்மை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.