இரண்டு இல்லாத படிவம்

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிக்குப் பின்னால், முன்பு குப்பை கொட்டிய நிலத்தில், மக்களின் மனநலத்தை மேம்படுத்தும் உயரிய நோக்குடன் அரசாங்கத் தோட்டம் ஒன்று திறக்கப்பட்டது. தொண்டராகச் சேர்கிறவருக்கு ஒரு பாத்தி, ஒரு மண்வெட்டி, ஒரு படிவம். படிவத்தில் ஒன்று தொடக்கம் பத்து வரை பெட்டிகள். பத்து என்றால் தாங்க முடியாத துயரம். ஒன்று என்றால் துயரமே இல்லை. அப்படி ஒருவர் கொழும்பில் கிடையாது, ஆனாலும் பெட்டி இருந்தது.

இமெல்டா அக்கா ஒன்பதில் புள்ளடி போட்டுச் சேர்ந்தவர். துறைமுகத்தில் வேலை செய்த அவர் கணவர் சூசைதாசன் காலமாகி அப்போது நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. நித்திரை போய்விட்டது. பயத்தங்காய் நட்டார், தண்ணீர் ஊற்றினார், கொடியோடு கதைத்தார். ஒரு காய்ப்பு ஓய்ந்து மறு நடுகை கொடி ஏறிய ஆறாம் மாதத்தில் நித்திரை திரும்பி வந்தது. வந்ததை மறைக்காமல் இரண்டில் புள்ளடி போட்டார். அதுதான் அவர் செய்த குற்றம்.

தோட்ட உத்தியோகத்தர் சுகிர்தன் வெள்ளவத்தையிலிருந்து வருகிறவர். மனநலத்தில் மூன்று மாத டிப்ளோமா பெற்றவர். அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"வாழ்த்துகள் அன்ரி. நீங்கள் சுகமாயிட்டீங்கள். வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்தியை ஒப்படைக்கோணும்."

"என்ன தம்பி, இப்பதானே பூ வச்சிருக்கு!"

"பூவுக்குப் படிவத்தில இடமில்லை அன்ரி. வெளியில நாற்பத்தொரு பேர் துக்கத்தோட காத்திருக்கினம்."

"இதையும் எடுத்தா நான் பழையபடி ஆகிடுவனே."

"ஆகினால் வாங்கோ. கிராம சேவகரிட்டக் கடிதம் எடுத்துக்கொண்டு."

பாத்தி போனதும் அக்கா சொன்னபடியே ஆனார். கிராம சேவகர், "ஞாயிறு பூசை முடிஞ்சு வரேக்க சிரிச்சீங்களே, நான் கண்டனான்" என்று நான்கு நாள் இழுத்தடித்து, அக்காவின் கண்ணைப் பார்த்த பிறகே கையெழுத்து வைத்தார். சுகிர்தன் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏற்க ஏலாது அன்ரி. உங்களைச் சுகமானவர் எண்டு தலைமையகத்துக்கு அறிவிச்சாச்சு. எங்கட வெற்றி நூறு வீதம். நீங்கள் திரும்பத் துக்கப்பட்டா அது தொண்ணூற்றெட்டாப் போயிடும்."

"அப்ப எனக்கு நித்திரை வராதது?"

"அது உங்கட தனிப்பட்ட விஷயம்."

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் குடியிருப்பாளர் சங்கம் களத்தில் இறங்கியது. சங்கத்தவர் பலருக்கும் அங்கே பாத்தி இருந்தது. 'உழைக்கும் மக்களின் துயரத்தை அளக்க நீ யார்?' என்ற துண்டுப்பிரசுரத்தைச் செயலாளராகிய நான் எழுதினேன். மூன்று நாள் வாசலை மறித்தோம். நான்காம் நாள் சுற்றுநிருபம் வந்தது: 'சுகமடைந்தமை காரணமாக எந்தத் தொண்டரும் இனிமேல் நீக்கப்படமாட்டார் என இத்தால் அறியத்தரப்படுகிறது.' வெடி கொளுத்தினோம்.

நிர்வாகம் கொடுத்த வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியது. புதிய படிவத்தில் பெட்டிகள் ஏழிலிருந்து தொடங்கின. சுகமாக இடமில்லாதபடியால், சுகமாகி நீங்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒருவருமே சுகமாகாததைக் கண்ட தலைமையகம், தேவை மிகப் பெரிது என்று திட்டத்தை ஐந்து வருடத்துக்கு நீடித்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏழு போட்டார்கள்.

அக்காவின் பாத்தி அதுவரை யாருக்கும் கொடுபட்டிருக்கவில்லை. கோப்பு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. அதனால் பாத்தியும் திரும்பக் கிடைத்தது, பின்னாலேயே நித்திரையும். மாதக் கடைசியில் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டு எங்க?"

"ஏழைப் போடுங்கோ அன்ரி."

"எனக்கு ஏழு இல்லையே."

சங்கத் தலைவர் பேதுரு பாய்ந்து வந்தார். "அக்கா, ஒரேயொரு புள்ளடி! போராடி எடுத்ததைக் கவிழ்க்கப் போறீங்களா? நாங்களெல்லாம் போடேல்லையா?"

"அவர் போன நேரம் ஒன்பது போட்டனான் பேதுரு. இப்ப பொய்க்கு ஏழு போட்டா அந்த ஒன்பதும் பொய்யாப் போயிடும்."

பேனையால் ஓரத்தில் ஒரு பெட்டி கீறி, உள்ளே இரண்டு என்று எழுதி, புள்ளடியும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுகமடைந்த காரணத்துக்காக அவர் நீக்கப்படவில்லை. அரச ஆவணத்தில் கீறிய காரணத்துக்காக நீக்கப்பட்டார். எங்கள் சங்கம் அன்றைக்கே அவசரமாகக் கூடி, மக்களின் ஒற்றுமையைக் குலைத்ததற்காக அவரைக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. வாசகம் என்னுடையது.

போராட்டத்தில் முன்னின்றவர் என்ற வகையில், காத்திருந்த நாற்பத்தொரு பேரையும் தாண்டி, அந்தப் பாத்தி எனக்கு ஒதுக்கப்பட்டது. நானும் மாதாமாதம் ஏழு போட்டு வந்தேன். போன மாதம் எட்டுப் போட்டேன். அது மட்டும் பொய்யில்லை.