மூடாத கான்

அபாயா எடுக்க வந்த முஸ்பிறா பலகையின் நடுவில் நின்றுவிட்டார். முன்னால் நபீலாவின் அபாயாக் கடை, பின்னால் வீதி, கீழே மழைத்தண்ணீர் ஓடப் புதிதாய் வெட்டிய கான். நபீலா வாசலில் நின்று கையை நீட்டினாள். பலகை ஒருமுறை முனகியது. முஸ்பிறா பிஸ்மி சொல்லி, திரும்பாமலே பின்பக்கமாக நடந்து வீதியை அடைந்து, வந்த ஓட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார்.

அப்படித் திரும்பிப் போனவர்களில் அவர் முதல் ஆள் அல்ல. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெருநாளுக்கென்று தைத்து வைத்த அபாயாக்கள் கம்பியில் வரிசையாகத் தொங்கி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நபீலா கானை எதிர்த்தவள் அல்ல. மாகாணத்தைத் தூக்கி நிறுத்த மத்திய அரசாங்கம் ஊக்குவிப்பு நிதி அனுப்பியிருக்கிறது, அதில் இந்த வீதிக்குக் கான் வருகிறது என்று பதாகை கட்டியபோது ஏணி கொடுத்ததே அவள்தான். மாரி மழைக்கு வெள்ளம் கடைக்குள் ஏறி, அடித்தட்டுத் துணியை நனைத்துவிட்டுப் போவது வருடா வருடம் நடப்பது. ஆனால் நிதி வரும் வழியால் வாடிக்கையாளர் வர முடியாது என்று பதாகையில் போட்டிருக்கவில்லை.

மேற்பார்வையாளர் சுஜிந்தனிடம் மூடி எப்போது போடுவீர்கள் என்று கேட்டாள்.

"நாளைக்கு ராத்தா. இல்லாட்டி அடுத்த நாள்."

ஒரு கிழமையாக இதே பதில்தான்.

வெயிலில் வேலை செய்கிற ஆட்களுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தால் வேலை ஓடும் என்று நினைத்து இஞ்சி போட்டு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். மண்வெட்டிகள் உடனே மதிலில் சாய்ந்தன. இரண்டாம் தரம் கேட்டார்கள். கொடுத்தாள். மண்வெட்டிகள் சாய்ந்தபடியே இருந்தன.

பகல் சாப்பாட்டுக்குச் சந்தைக்குப் போய் வருவதில்தான் நேரம் போகிறது என்றார் சுஜிந்தன். அப்படியென்றால் நானே ஆக்கித் தருகிறேன், காசைப் பாதியாக எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் கானைக் கெதியாக முடியுங்கள் என்றாள் நபீலா. பாரை மீன் ஆணம், பருப்பு, கீரைச் சுண்டல். ஆட்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு, கடையின் தகரக் கூரை நிழலில் அசர் தொழுகை வரை நித்திரை கொண்டார்கள்.

மறுநாள் ஆட்கள் இரண்டு மடங்காக வந்தார்கள். அத்தனை பேரும் கானுக்குள் இறங்கப் போகிறார்கள் என்று நபீலா சந்தோசப்பட்டாள். பாதிப் பேர் குழாய் இறக்க வந்தவர்கள், மற்றவர்கள் சீமெந்து லொறிக்காரர்கள். எல்லோருக்கும் சாப்பாடு வேண்டுமாம். இந்த முறை சுஜிந்தன் முழு விலையே கொடுத்தார்.

அதற்குப் பிறகு கடை கடையாக இல்லை. துணி வெட்டும் மேசையில் சோற்றுச் சட்டி ஏறியது. அபாயாக்கள் படுக்கையறைக்குக் குடிபோயின. சவாரி இல்லாமல் வீட்டில் இருந்த கணவன் றிஸ்கான், விடிந்ததும் ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஒலுவில் துறைமுகத்துக்கு மீனுக்குப் போனான். வீரமுனையிலிருந்து வல்லியம்மை தினமும் கீரைக்கட்டோடு வந்தாள். வரும்போது தங்கச்சியையும் தேங்காய் திருவக் கூட்டி வந்தாள்.

றிஸ்கான் கொண்டுபோய்க் கொடுத்த அபாயாவைப் போட்டுப் பார்த்துவிட்டு முஸ்பிறா போன் எடுத்தார். தையல் நல்லம், ஆனால் உடுத்தால் பசிக்கிறது என்றார்.

பெருநாள் வந்து போனது. கான் திறந்தே கிடந்தது. ஒரு நாள் சோறு வடிக்கும்போதுதான் நபீலாவுக்கு உறைத்தது: மூடியைப் பற்றி அவள் சுஜிந்தனிடம் கேட்டே எத்தனையோ நாளாகிவிட்டது. கேட்க மறந்துபோகவில்லை. மூடினால் ஆட்கள் போய்விடுவார்கள். ஆட்கள் போனால் சட்டி கவிழ்ந்துவிடும். கேதீஸ்வரன் என்ற வயதான தொழிலாளி மட்டும் தினமும் கானுக்குள் இறங்கி ஒரே இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மீன் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள்.

அந்தக் கிழமைதான் கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். நிதியால் மக்களுக்குக் கிடைத்த பயன் என்ன என்று பார்க்கிறாராம். பலகையைத் துணிச்சலாகத் தாண்டி உள்ளே வந்தவர், நபீலாவிடமே கேட்டார்.

வெள்ளம் வராது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"சேர், அரசாங்கம் கானுக்குத்தான் காசு தந்த. அது எங்கட சட்டிக்குள்ள விழுந்து, ஒலுவிலுக்குப் போய், வீரமுனைக்கும் போயிட்டு. எல்லாரும் நல்லா இரிக்கம், அல்ஹம்துலில்லாஹ்."

அதிகாரி சிரித்தார். ஒரு பிடி சோறு தின்றார், பிறகு பீங்கானில் இருந்த முழுச் சோற்றையும் தின்றார். கை கழுவ வெளியே வந்தபோதுதான் கானுக்குள் எட்டிப் பார்த்தார். இதை ஏன் இன்னும் மூடவில்லை என்று குரலை உயர்த்திக் கேட்டார். சுஜிந்தன் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

பாவம் அந்தப் பிள்ளைக்கு ஏச்சு விழப்போகிறது என்று நபீலா குறுக்கே புகுந்தாள். மழைத் தண்ணி ஓடுதா என்று பார்த்துவிட்டு மூடச் சொன்னது தான்தான் என்றாள். மழைக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது என்றார் அதிகாரி. இன்றைக்கே மூட வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

மூடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவள் ஆசையாய்க் கேட்டதுதான் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கடைசி மூடியின் மேல் நின்று வியர்வை துடைத்துக்கொண்டிருந்த கேதீஸ்வரனிடம் போனாள். நாளைக்கு எந்த ஊருக்குப் போகிறீர்கள், இனி யார் உங்களுக்குச் சோறு ஆக்குவார் என்று கேட்டாள்.

கிழவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கயும் போகல்ல ராத்தா. இந்தக் கான் வேல பெருநாளைக்கு முதலே முடிஞ்சிட்டு, நாங்க இப்ப செய்யிறது பின் வீதியில. இத மூடினா நீங்க திரும்பவும் தைக்கப் போயிருவீங்க, எங்களுக்குச் சோறு கிடையாது எண்டுதான் மூடாம வெச்சிருந்த."