தட்டின் அடியில் இருந்த உங்கள் ஊர்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே உங்கள் அக்காவும் மகளும் நானும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும், எனக்குத் தங்கை முறையான உங்கள் மனைவியும் உடம்பளவில் மட்டுமல்லாமல் மனதளவிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படித்து முடித்த பிறகு எப்படி இருப்பீர்கள் என்று தெரியாது. போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் உங்கள் அக்கா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், மீதி வேறு கதையாகிவிடும் என்பதால் தாளில் எழுதுகிறேன். மகள் இதை ஸ்கேன் செய்து உங்களுக்கு அனுப்பிவைப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்காக நீங்கள் மாடி அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, படிக்க மேஜையும் வாங்கிவிட்டதாகத் தங்கை படம் அனுப்பியிருந்தாள். மேஜை நன்றாக இருந்தது. அந்த மேஜையில் அவள் உட்காரப்போவதில்லை. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்யப்பட்டுவிட்டது. செய்தவன் நான்தான். கோபப்படுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுப் படவும்.

அவள் மேற்கொண்டு படிக்க நினைப்பது கடல் அலையைப் பற்றி என்பது உங்களுக்குத் தெரியும். அலை கரையை எப்படி அரிக்கிறது, எங்கே கல் கொட்டினால் எங்கே மணல் சேரும் என்கிற படிப்பு. இரண்டு இடத்தில் இடம் கிடைத்தது. ஒன்று உங்கள் ஊர். பேர் பெற்ற இடம்தான், ஆனால் அங்கிருந்து கடல் ரொம்ப தூரம், அலையெல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான் அடிக்கும். இன்னொன்று வேறொரு தேசத்தில், கடலை ஒட்டியே. அங்கே ஒரு பெரிய கட்டடத்தின் நீளத்துக்குத் தொட்டி கட்டி, மோட்டார் வைத்து அலையை உண்டாக்கி ஆராய்ச்சி செய்கிறார்களாம். அந்தத் தொட்டியின் வீடியோவை எனக்குக் காட்டியபோது நான் தொட்டியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். சின்ன வயதில் பொம்மைக் கடைக்கு வெளியே நின்ற அதே முகம். ஆனால் அந்த ஊரில் நமக்கு ஒரு ஈ காக்காய்கூடச் சொந்தமில்லை, உங்கள் ஊரிலோ தாய்மாமன் வீடே இருக்கிறது. எனக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எந்த விருப்பமும் கிடையாது என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

முதலில் ஒரு ஏஜென்டிடம் போனோம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். மேஜை முழுக்கக் குட்டிக் குட்டிக் கொடிகள், அவர் வாயைத் திறந்தால் அத்தனை நாடும் ஆடியது. "ரெண்டுமே டாப் சார்," என்றார். இரண்டில் எது மேல் என்று கேட்டேன். "ரெண்டையும்விட டாப்பா ஒண்ணு இருக்கு சார்," என்று நாங்கள் கேட்காத மூன்றாவது ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் அலையும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, ஹோட்டல் நிர்வாகம்தான் இருந்தது. எழுந்து வந்துவிட்டோம். பிறகு அந்தக் கடற்கரைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற நம்மவர் பெண் ஒருத்தியை வீடியோ காலில் பிடித்தாள் மகள். அங்கே என்னம்மா கஷ்டம் என்று கேட்டேன். "கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல அங்கிள். சனி ஞாயிறுதான் பேச ஆள் இருக்காது. போய் கடல்கிட்ட பேசிட்டு வந்துருவேன்," என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவள் முகம் சரியாக இல்லை, அல்லது நெட் சரியாக இல்லை. உங்கள் அக்கா அன்றைக்கு முழுவதும் பேசவே இல்லை. சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின.

இப்படிப் பேசிப் பேசித் தீராததைத் தராசில் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாக ஏறி இறங்கி, தராசுத் தட்டின் அடியில் மெழுகு, ஈயம், காந்தம் என்று எதையாவது ஒட்டிவைத்து எடையில் ஏமாற்றியவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவன். அந்தக் கதைகளை நான் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல ஆரம்பித்ததும், போன முறை வந்திருந்தபோது நீங்கள் தட்டோடு எழுந்து டிவி பக்கம் போய்விட்டது எனக்கு நினைவிருக்கிறது. நம் மகளுக்கு அந்த வசதி இல்லை, பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பரணிலிருந்து என் பழைய இரும்புத் தட்டுத் தராசை இறக்கி ஹாலில் மின்விசிறிக் கொக்கியில் மாட்டினேன். அதற்காக மின்விசிறியைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிய விசிறி இன்றுவரை சோபாவில் உட்கார்ந்திருக்கிறது, வருகிறவர்கள் நின்றுகொண்டு பேசிவிட்டுப் போகிறார்கள்.

இடது தட்டு உங்கள் ஊர், வலது தட்டு கடற்கரை. ஒருவர் ஒரு காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், காரணத்தின் கனத்துக்குத் தகுந்த எடைக்கல்லை நான் வைப்பேன். தாய்மாமன் வீடு இருக்கிறது என்பதற்கு இடது பக்கம் ஒரு பெரிய கல். அலைத்தொட்டிக்கு வலது பக்கம் அதே அளவு கல். உங்கள் வீட்டில் ஹீட்டர் இருப்பதற்கும் ஒரு கல் வைத்தேன். மகள் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"ஹீட்டருக்கும் என் படிப்புக்கும் ஒரே கல்லாப்பா?"

"குளிர்ல விரைச்சுக்கிட்டு எப்படிம்மா படிப்ப?"

"அந்த ஊர்ல குளிரே கிடையாதுப்பா."

"அப்போ அங்க ஹீட்டர் இருக்காதுதானே? அது அவங்க குறைதானே?"

நியாயம் என்றால் நியாயம்தான். உங்கள் அக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உன் காரணத்தைச் சொல் என்றேன். "எங்க போனாலும் அவ இங்க இருக்க மாட்டா. அதை எந்தத் தட்டுல வைப்பீங்க?" என்றாள். அதற்கான கல் என் பெட்டியில் இல்லை. இரண்டு தட்டுக்கும் பொதுவானது, அதனால் கணக்கில் வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சிறிது நேரம் துடைத்தேன்.

அன்று மாலை தராசின் முள் அப்படி இப்படி அசையாமல் நட்டநடுவில் நின்றுவிட்டது. கல்லை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தேன். மறுநாள் வந்து பார்த்தால் தராசு இடது பக்கம் சாய்ந்திருந்தது. அதாவது உங்கள் ஊர்ப் பக்கம். ராத்திரியெல்லாம் யோசித்துத் தராசே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது போலிருந்தது. எடை போடும் முன் ஒவ்வொரு முறையும் காலித் தட்டைச் சரிபார்க்க வேண்டும் என்பது துறையின் முதல் விதி. கல்லை இறக்கினால் காரணங்கள் குழம்பிப்போகும் என்பதால் அன்றைக்கு மட்டும் நான் அதைச் செய்யவில்லை. அங்கேயே தீர்ப்பைச் சொன்னேன். மகள் "சரிப்பா," என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். அழுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள் என்று பயந்திருந்த எனக்கு நிம்மதியாக இருந்தது. உடனே உங்களுக்குப் போன் செய்தேன், நீங்களும் வெள்ளையடித்தீர்கள்.

எலெக்ட்ரீஷியன் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இழுத்தடித்ததில் விசிறியும் ஏறவில்லை, தராசும் இறங்கவில்லை. உங்கள் ஊருக்குச் சம்மதக் கடிதம் அனுப்பும் வேலையை மகளிடம் விட்டிருந்தேன், அவளோ நெட் மெதுவாக இருக்கிறது என்று தள்ளிக்கொண்டே வந்தாள். இந்த நிலைமையில் கீழ்வீட்டு டெய்லர் அம்மா ஒரு பை வெங்காயத்தோடு வந்து நின்றார். "சார், தராசு மாட்டியிருக்கீங்களாமே? முக்குக் கடைக்காரர் எப்பவுமே எனக்குக் குறைச்சுத்தான் போடுறாரு. இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க," என்றார். என் தொழிலைச் சொல்லி யாராவது வந்து நின்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு கையால் காரணங்களை இறக்கி மறு கையால் வெங்காயத்தை இடது தட்டில் ஏற்றினேன். எடை குறையவில்லை, கூடியிருந்தது. சண்டைக்குத் தயாராக வந்த அம்மாவுக்கு முகமே விழுந்துவிட்டது. இருந்தாலும் நல்ல மனுஷி, நேரே கடைக்குப் போய்க் கடைக்காரருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். சற்று நேரத்தில் கடைக்காரர் வியர்க்க விறுவிறுக்க என் வீட்டு வாசலில் நிற்கிறார்.

"சார், நான் கூடப் போட்டேனா? என் கடையிலயா? சான்ஸே இல்ல சார். உங்க தராசுலதான் ஏதோ கோளாறு."

அந்தக் குரலில் இருந்த உறுதி என்னை யோசிக்க வைத்தது. தன்னைப் பற்றி அந்த ஆளுக்குத் தெரியாதா? இடது தட்டைத் தூக்கி அடியில் பார்த்தேன். ஒரு காந்தம் ஒட்டியிருந்தது. போன முறை நீங்கள் ஆசையாகக் கொண்டுவந்து எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனீர்களே, உங்கள் ஊர்ப் பெரிய பாலம், அதேதான். கடைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போனார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உங்கள் ஊர்ப் பாலம், உங்கள் ஊர்த் தட்டு, உங்கள் அக்கா. நான் யாரைச் சந்தேகப்படுவேன்? கேட்டேன். "நான் வைக்கிறவளா இருந்தா காந்தத்தையா வைப்பேன்? தராசையே மாடியில இருந்து தூக்கிப் போட்டிருப்பேன்," என்றாள். குற்றவாளிகள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்பது என் அனுபவம், அதையும் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. எந்தத் தட்டின் அடியில் மோசடி கண்டுபிடிக்கப்படுகிறதோ அந்தத் தட்டு தள்ளுபடி, இதில் சொந்தம் பந்தம் கிடையாது. அந்த வகையில் உங்கள் ஊர் தள்ளுபடியாகி, கடற்கரைப் பல்கலைக்கழகம் தேர்வாகிறது என்று அறிவித்தேன். மகள் இதற்கும் "சரிப்பா," என்றுதான் சொன்னாள். நெட் மட்டும் அந்த நிமிஷத்தில் வேகமாகிவிட்டது, அன்றே சம்மதம் அனுப்பியாகிவிட்டது. தராசை நான் இன்னும் இறக்கவில்லை. அவள் கிளம்பும்போது பெட்டியை எடை போட வேண்டும், விமான நிலையத் தராசை எல்லாம் நம்ப முடியாது.

ஆகவே, உங்கள் அக்கா செய்த காரியத்துக்காக அவள் சார்பில் நான் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் அன்பையும் மேஜையையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தங்கைக்கு என் விசாரிப்பு. உங்கள் வீட்டில் எல்லாரும் எல்லா வளமும் பெற்று நிறைவாக வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: ஸ்கேன் செய்யக் கொடுத்த கடிதத்தை மகள் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "அம்மாவை விட்டுருங்கப்பா. காந்தத்தை வச்சது நான்தான்," என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வைப்பதாக இருந்தால் கடற்கரைத் தட்டில்தானே வைத்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா நீங்க அந்த நிமிஷமே தட்டைத் தூக்கிப் பாத்திருப்பீங்க. என் பக்கம் தள்ளுபடி ஆகியிருக்கும். அதான் மாமா பக்கம் வச்சேன். எப்படியும் மறுநாளே கண்டுபிடிச்சிருவீங்கன்னு நினைச்சேன். நீங்க பாக்கவே இல்லப்பா. தினமும் காத்திருந்து காத்திருந்து, கடைசியில நான்தான் டெய்லர் ஆன்ட்டியை வெங்காயத்தோட அனுப்ப வேண்டியதாப்போச்சு."

ஏன் பார்க்கவில்லை என்று யோசித்தேன். உங்கள் ஊர்ப் பக்கம் சாய்ந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் காரணம். எனக்கு விருப்பம் எதுவும் கிடையாது என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், பாத்திரங்கள் சத்தம் இல்லாமல் இருக்கின்றன. "அப்போ இப்ப என் பக்கம்தான் தள்ளுபடியாப்பா?" என்று மகள் கேட்டாள். அப்போதுதான் அவள் குரல் நடுங்கியது. காந்தம் எந்தத் தட்டில் இருந்தது என்பதுதான் கணக்கு, யார் வைத்தார்கள் என்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். விதியில் இருக்கிறது, அவளுக்குச் சொல்லிவிடாதீர்கள்; அதற்காகத்தான் இந்தப் பின்குறிப்பை மட்டும் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து நானே அனுப்புகிறேன். ஆள் தெரியாத ஊரில் நம் பெண்ணை யாராவது ஏமாற்றிவிடுவார்களே என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம். இப்போது அந்த ஊர்க்காரர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.