கடிகாரம் போன வழி

லின்திபே,
ஜூன் ஒன்பது.

கிட்வே நகரத்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் அருமை மருமகள் சியோனேவுக்கு, உன் தாய்மாமன் லாஸ்டன் பிலியாத்தி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை நயிலெட்டும் நொண்டி ஆடும் நலம். நம் மாவு மில் மட்டும் நடுவில் பத்து நாள் நலமில்லாமல் கிடந்தது. உன் நலத்தையும் கர்த்தர் காக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய்.

கபாசோ என்கிற அந்தச் சுரங்கக்காரப் பையனுக்காகப் பெண் கேட்டு அவனுடைய மாமா வந்து போனது உனக்குத் தெரியும். வந்தவர் செம்பிலே செய்த சுவர்க்கடிகாரம் ஒன்றைச் சீராக வைத்துவிட்டுப் போனார். தூக்கிப் பார்த்தேன், ஆட்டுக்குட்டி கனம். நம் வீட்டு வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீரைத் திருப்பி அனுப்பினால் பெண் இல்லை என்று அர்த்தம், வைத்துக்கொண்டால் சம்மதம். ஒரு மாதத்தில் சொல்கிறேன் என்றேன். உள்ளதைச் சொல்கிறேன், அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புவதாகத்தான் இருந்தேன். பையன் மேல் குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான்.

ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் ஊரில் செம்பை மண்ணிலிருந்து தோண்டுகிறார்கள், நம் நாட்டில் அது பிறப்பதே இல்லை, இடம் மட்டும் மாறும் என்பதை அந்த மாமா யோசிக்கவில்லை. தந்திக் கம்பத்தில் இருந்தது சாராயம் காய்ச்சும் நாம்பேவே வீட்டில் குழாயாக இருக்கிறது. அவள் பழைய குழாய் ஊர்த்தலைவர் கையில் மூட்டுவலிக்குக் காப்பாக இருக்கிறது. அவர் கண்மூடினால் அது எங்கே போகும் என்று இப்போதே நாலு பேர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரே இடத்தில் இவ்வளவு செம்பு என்றால் சும்மா விடுவார்களா? முதல் நாளே போலீஸ்காரர் வந்து, எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து கழற்றியது என்று கேட்டார். அது மணி காட்டுகிறது ஐயா என்று நான் காட்டியும், அவர் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். நாம்பேவே வந்து முகம் பார்க்கிற சாக்கில் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பாடகர் குழுத் தலைவர் ஜெபம் பண்ண வந்து, கண்ணை மூடாமலே ஜெபம் பண்ணினார். நான் அதைக் கட்டிலுக்கடியில் வைத்துக் காவல் காத்தேன். திருப்பி அனுப்ப வேண்டிய பொருள் அல்லவா, பத்திரமாக இருக்க வேண்டாமா?

அந்த வாரம்தான் மில் மோட்டார் எரிந்தது. அறுப்பு முடிந்து பதினோரு ஊர்ப் பெண்கள் தலையில் சோளத்தோடு வரிசையில் நிற்கிற நேரம் அது. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் மலிசேனி மோந்து பார்த்துவிட்டு, நாலு கிலோ செம்புக் கம்பி இல்லாமல் இது எழுந்திருக்காது என்று சொல்லிவிட்டான். தலைநகரத்துக் கடையில் கம்பி இல்லை, ஜோகன்னஸ்பர்க் லாரி அடுத்த மாதம் என்றார்கள். பெண்கள் உலக்கையை எடுத்தார்கள். உலக்கை விழும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லித்தான் போட்டார்கள் என்று கேள்வி. மூன்றாம் நாள் உன் அத்தை, உமியும் தவிடுமாக ஒரு தட்டு நசிமாக் களியை என் முன்னே வைத்தாள். "சாப்பிடுங்க. கட்டிலுக்கடியில ஒரு மோட்டாருக்குத் தேவையானது தூங்குது, அதுக்குக் காவலா நீங்க முழிச்சிருக்கீங்க" என்றாள்.

பழைய இரும்புக்கடை ஜஃபாலியிடம் கம்பி இருந்தது. ஆனால் பணம் வேண்டாம் என்றான். பணம் தினமும் வருமாம், செம்பு வராதாம். காப்புக்கும் சாராயப் பானைக்கும் தகடாகக் கேட்கிறார்கள், தகடு கொடுத்தால் கம்பி தருவானாம். நான் இரண்டு முறை வீட்டுக்குத் திரும்பினேன். மூன்றாம் முறை கடிகாரத்தோடு போனேன். தராசில் வைக்கும்போது அது மணி அடித்தது. கம்பியை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

மில் இப்போது ஓடுகிறது. உன் சீர் பதினோரு ஊருக்கு மாவு அரைக்கிறது. ஆகவே திருப்பி அனுப்ப என் கையில் ஒன்றும் இல்லை, வழக்கப்படி நான் சம்மதித்தவன் ஆகிவிட்டேன். மனதார அல்ல, வேறு வழியில்லாமல். இதைப் பையனிடமும் சொல்லிவிடு.

ஏன் மறுக்க நினைத்தேன் என்று கேட்பாய். உன் அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து உன்னை என் முதுகிலேதான் தூக்கித் திரிந்தேன். இரண்டு வருடம் என்று சொல்லி வேலைக்குப் போனாய், ஐந்தாகிவிட்டது. நம்மில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பான், இவன் சுரங்கத்தையா கட்டித் தூக்கிக்கொண்டு வருவான்? நீ இனி வரவே மாட்டாய் என்று பயந்தேன் தாயி. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நீயும் அவனும் பிள்ளைகுட்டிகளோடு, சோளம் குறையாத வீட்டில் நீண்ட நாள் இருக்கக் கர்த்தர் அருள்வாராக. அத்தையும் அன்பு சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் மாமன், வேறு வழியில்லாமல் சம்மதித்த
லாஸ்டன் பிலியாத்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஜஃபாலி சைக்கிளில் வந்து இறங்கினான். கடிகாரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். "அண்ணே, பொண்ணு கேட்டு வந்த பொருளாமே, சொல்ல வேண்டாமா? எனக்கும் அக்கா மக மூணு பேரு இருக்காங்க. இத வெட்டினா என் கை வெளங்குமா? கம்பிக்கு மெதுவா சோளம் குடுங்க, போதும்" என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். உன் அத்தை அவசரமாகக் கோழியைத் தேடப் போய்விட்டாள். ஆக, மேலே எழுதிய கட்டாயம் எதுவும் இப்போது கிடையாது. சீர் முழுசாக என் மடியில் இருக்கிறது. பஸ் மத்தியானம்தான். அத்தை திரும்பி வந்து, "அப்போ அனுப்பிடலாமே, பெட்டி எடுத்துத் தரவா?" என்றாள். நான் சுத்தியலைக் கேட்டேன். ஆணி அடித்து, வாசலில் நுழைகிறவர் கண்ணில் படுகிற சுவரில் மாட்டிவிட்டேன். இருபது நிமிடம் பிந்தி ஓடுகிறது, அதை வந்து சரிசெய்வது மாப்பிள்ளை வேலை. அவன் வரும்போது நீயும் கூட வா.